குளிசை ஒளித்த வீடுகள்

வெள்ளவத்தையில் ஜெயராணியிடம் சாரிச் சட்டை தைக்கக் கொடுக்காத பெண்கள் குறைவு. கழுத்து எவ்வளவு இறங்க வேண்டும், கை எவ்வளவு இறுக வேண்டும் என்று அளவெடுக்கும்போதே நாலு வீட்டுக் கதையும் அந்தத் தையல் அறைக்குள் வந்துவிடும். யாருடைய மகனுக்குச் சீனி வருத்தம், எந்தக் கலியாணம் எதனால் குழம்பியது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவளுக்கு வலிப்பு இருக்கிறது என்பது மட்டும் வெளியில் ஒருவருக்கும் தெரியாது. நாற்பது வருசமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்து வைத்திருந்தாள் அந்த மனுசி. அதுவும், பிரதான தெருவான காலி வீதியில் ஒருவர் தும்மினால் கடற்கரை ரயில் பாதை வரைக்கும் சுகம் விசாரிக்கிற வெள்ளவத்தையில்.

அவளாக மறைக்கவில்லை. மறைக்கப் பழக்கினார்கள். பத்தொன்பது வயதில் ரியூசன் வகுப்பில் விழுந்து கை கால் இழுத்தபோது, தூக்கிவிட்ட பிள்ளைகளிடம் அவளுடைய அம்மா சொன்ன முதல் பொய், “வெயில் மயக்கம்.” ஆஸ்பத்திரி டொக்டர் ஒரு குளிசை எழுதிக் கொடுத்தார். இரவில் ஒன்று. நிறுத்தாமல் போட்டால் எல்லோரையும் போல இருப்பாய் என்றார். அந்தக் குளிசை சொன்ன சொல் தவறவில்லை. போட்ட நாளெல்லாம் அவள் எல்லோரையும் போலத்தான் இருந்தாள். விழுந்ததெல்லாம், மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று போடாமல் விட்ட நாட்களில்தான்.

கலியாணம் பேசும்போது சொல்லவில்லை. சொன்னால் ஆர் எடுப்பான் என்றார்கள். எடுத்தவன் ஒரு மாதத்திலேயே குளிசையைக் கண்டுபிடித்துவிட்டான். சத்தம் போடவில்லை. “சரி, அம்மாவுக்குத் தெரியாமப் பார்த்துக் கொள்,” என்றான். இதைப் பெரிய மனசு என்று ஜெயராணி பல வருசம் நம்பிக் கொண்டிருந்தாள். பாவம், அவளுக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது. அரிசி வாளி, பொட்டுப் பெட்டி, தையல் மெசினின் லாச்சி என்று குளிசை வீடு முழுக்க ஒளிந்து திரிந்தது. கள்ளச் சாராயத்துக்குக்கூட இவ்வளவு பதுக்கல் தேவைப்பட்டிருக்காது.

மகள் யதுஷா பிறந்த பிறகு மாமியார் வந்து அதே அறையில் படுத்தார். லாச்சியை இழுத்துத் திறந்தால் சத்தம் கேட்கும். சில இரவு போட முடியவில்லை. ஒரு காலை பிள்ளையைக் கையில் வைத்தபடி ஜெயராணி விழுந்தாள். பிள்ளையின் புருவத்தில் தையல் போட வேண்டி வந்தது. தொட்டிலில் இருந்து விழுந்துவிட்டது என்று புருஷன் தாய்க்குச் சொன்னான். தாய், “பிள்ளையை வளர்க்கத் தெரியாத மூதேவி,” என்று மருமகளை மூன்று தெருவுக்குக் கேட்க ஏசினார். ஜெயராணி அந்த ஏச்சை வாங்கிக் கொண்டு நின்றாள். குடும்ப மானமாம். குழந்தையின் இரத்தத்தைத் துடைத்து மூடிய மானம்.

அந்த மகளுக்கும் கலியாணம் வந்தது. பொருத்தியவள் ஜெயராணியின் தம்பி பெண்சாதி சுபாஷினி. மாப்பிள்ளை பிரதீஸ், துபாயில் வேலை. தாய் மயிலம்மா கொட்டாஞ்சேனையில் தனி வீட்டில் இருக்கிறார், புருஷன் இல்லை. “முதலே சொல்லிப் போடுவம்,” என்று ஜெயராணி ஆரம்பித்தபோது சுபாஷினி வாயில் கை வைத்தாள். “உங்களுக்கு விசரோ மச்சாள்? பரம்பரை வருத்தம் எண்டு சொல்லுவினம். வாயை மூடிக்கொண்டு இருங்கோ.” வாயை மூடினார்கள். தாலி ஏறியது.

இப்போது யதுஷா துபாயில் நிறைமாதமாக இருந்தாள். பிள்ளைப்பேறு பார்க்க அம்மா வர வேண்டும். அங்கேதான் நாற்பது வருசப் பூசணிக்காய் சோற்றுக்கு மேலே எட்டிப் பார்த்தது. ஜெயராணி போடுகிற குளிசை அந்த நாட்டில் கட்டுப்பாட்டு மருந்து. கொண்டு போவதானால் டொக்டருடைய கடிதத்தை முன்கூட்டியே இணையத்தில் அனுப்பி அனுமதி எடுக்க வேண்டும். கடிதத்தில் மருந்தின் பெயரும் நோயின் பெயரும் இருக்க வேண்டும். இறங்கியதும் சுங்கத்தில் காட்ட வேண்டும். சட்டம் கேட்டது அவ்வளவுதான்: சொல்லிவிட்டு வா. ஜெயராணியின் குடும்பத்தில் ஒருவருக்கும் செய்யத் தெரியாத ஒரே வேலையும் அதுதான்.

“அம்மா, மாமியும் உங்களோட ஒரே பிளைட்டில வாறா,” என்று யதுஷா போனில் அழுதாள். “பிரதீஸ் ரெண்டு பேருக்கும் சேர்த்து டிக்கட் போட்டிட்டார். அவவுக்கு முன்னால போய் வலிப்புக் கடுதாசியை நீட்டுவியளோ? பிள்ளைக்கும் வரும் எண்டு சொல்லுவா. நான் இந்த வீட்டில இருக்கேலாது.”

“அப்ப குளிசை இல்லாம வரட்டோ? உன்ர பிள்ளையைக் கையில வச்சிருக்கேக்க நான் விழுந்தா என்னடி செய்வாய்?”

யதுஷா குரலைத் தாழ்த்திச் சொன்னாள், “ஏதாவது விற்றமின் போத்தலுக்குள்ள போட்டுக் கொண்டு வாங்கோ. இல்லாட்டி... வராம இருங்கோ அம்மா.”

வராமல் இருங்கோ! ஜெயராணி போனை வைத்துவிட்டு, வெட்டி வைத்திருந்த யாருடையதோ பட்டுச் சட்டைத் துணியைக் கத்தரிக்கோலால் கோணலாக இன்னொரு வெட்டு வெட்டினாள். அதற்குப் பிறகு புதுத் துணி வாங்கிக் கொடுக்க வேண்டி வந்தது வேறு கதை.

அன்று பின்னேரமே சுபாஷினி ஒரு கல்சியம் போத்தலுடன் வந்து நின்றாள். “இதுக்குள்ள போடுங்கோ மச்சாள். அதே வெள்ளை, அதே சைஸ். ஆர் கேக்கப் போறான்? போன வருசம் நாங்கள் லண்டனுக்குக் கருவாடு கொண்டு போகேல்லையே?”

“கருவாடும் இதும் ஒண்டோடி?” என்றாள் ஜெயராணி. “கருவாட்டைப் பிடிச்சா குப்பையில போடுவான். இதைப் பிடிச்சா என்னையெல்லோ உள்ள போடுவான்!”

“சும்மா பயந்து சாகாதேங்கோ. எங்கட சனம் கொண்டு போகாத மருந்தோ?”

எங்கட சனம்! எங்கட சனம் எதைத்தான் கொண்டு போகவில்லை? மறுநாள் ஜெயராணி அந்தப் போத்தலை அப்படியே வைத்துவிட்டுக் கிளினிக்குக்குப் போனாள். அவளுடைய குளிசை வழக்கமாகப் பழுப்புக் கடதாசி உறையில் வரும், பெயரும் இல்லாமல் ஊரும் இல்லாமல். கடிதம் வேண்டும் என்றதும் டொக்டர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எழுதி, சீல் குத்தி, “அடுத்த ஆள்,” என்றார். இந்த ஒரு துண்டுக் கடிதத்துக்குப் பயந்தா ஒரு பரம்பரையே ஒளிந்து திரிந்தது என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

காலி வீதியில் போட்டோக் கொப்பியும் பாஸ்போட் படமும் எடுக்கிற தாஸிமின் கடை இருக்கிறது. வெளிநாட்டு விண்ணப்பம் எல்லாம் அங்கேதான் நிரப்புவார்கள். கடைக்குள் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று ஜெயராணி ஒதுங்கி நின்றாள். பிறகு தன்மேலேயே கோபம் வந்து, முன்னால் போய், கடிதத்தை மேசையில் வைத்தாள்.

“தாஸிம் நானா, துபாய்க்கு மருந்து கொண்டு போக அனுமதி எடுக்கோணும். எனக்கு வலிப்பு.”

சத்தமாகத்தான் சொன்னாள். நின்ற இருவரில் ஒருவர் தன்னுடைய படத்தில் காது சரியாக விழவில்லை என்று சலித்துக் கொண்டிருந்தார். தாஸிம் கடிதத்தைப் பார்த்துக் கணினியில் தட்டிக் கொண்டே, “பாஸ்போட் கொப்பியத் தாங்க அக்கா,” என்றான்.

“வருத்தத்தின்ர பேர் கட்டாயம் போடோணுமோ?”

“போடத்தானே வேணும். ஒளிச்சிக் கொண்டு போனாத்தான் அக்கா குத்தம். சொல்லிட்டுக் கொண்டு போனா அது மருந்து. கடதாசி உறையில கொண்டு போகாதீங்க, பாமசில பெட்டியோட வாங்குங்க. நிக்கிற நாளுக்கு மட்டும்.”

பாமசிக்காரன், “பெட்டியம ஓனத அம்மே?” என்று சிங்களத்தில் முழுப் பெட்டியுமா வேண்டும் என்று கேட்டான். “ஓவ், பெட்டியம,” என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெயர் அச்சடித்த பெட்டியில் தன் குளிசையைப் பார்த்தாள். சில நாளில் அனுமதியும் வந்தது. மகளிடம் மட்டும், “மாமிக்குத் தெரியாமக் காட்டிக் கொண்டு வாறன்,” என்று சொல்லி வைத்தாள். மயிலம்மாவை முன்னுக்கு அனுப்பிவிட்டுச் சுங்கத்துக்குப் போவதாகத் திட்டம்.

பயண நாளில் வாடகை வான் கொட்டாஞ்சேனைக்குப் போய் மயிலம்மாவை ஏற்றியது. சம்பந்திகள் இருவரும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவார்கள். வாயில் மச்சாள், மனதில் வேறு. மயிலம்மா சூட்கேசை ஒருவரையும் தொட விடவில்லை. “மருமகளுக்குப் பத்தியச் சரக்கு இடிச்சுக் கொண்டு போறன். மல்லி, மிளகு, மஞ்சள் எல்லாம் என்ர கையால. கடைத் தூள் எண்டா எனக்குப் பிடிக்காது,” என்றார். கட்டுநாயக்கா விமான நிலையம் போய்ச் சேரும் வரைக்கும் அவருடைய வாய் ஓயவில்லை. பேலியகொடைப் பாலம் தாண்டும்போது குடும்ப ஆரோக்கியம் ஆரம்பமானது. “எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் ஒரு வருத்தமும் இல்லை மச்சாள். நான் ஒரு பனடோல்கூடப் போட மாட்டன். இரத்தம் சுத்தம்.”

“நல்ல விசயம்,” என்றாள் ஜெயராணி, பல்லைக் கடித்துக் கொண்டு.

துபாயில் இறங்கிப் பெட்டிகளை எடுத்த பிறகு ஜெயராணி தன் திட்டத்தைத் தொடங்கினாள். “மச்சாள், நீங்கள் முன்னுக்குப் போங்கோ, பிரதீஸ் வெளியில நிப்பார். நான் ஒரு கடுதாசி காட்டிப் போட்டு வாறன்.”

“என்ன கடுதாசி? எனக்கில்லாத கடுதாசி உங்களுக்கென்ன?” மயிலம்மா ஒட்டுண்ணி மாதிரிப் பின்னாலேயே வந்தார். தனியாகப் போகப் பயம் என்று சொன்னால் மானம் போய்விடும் அல்லவா, அதனால் சந்தேகம் என்று காட்டிக் கொண்டார்.

சுங்க மேசையில் கறுப்பு முக்காடிட்ட ஓர் இளம் பெண் அதிகாரி இருந்தாள். ஜெயராணி தன் குளிசைப் பெட்டியையும் அனுமதியையும் நீட்டினாள். அவள் ஆங்கிலத்தில், எதற்கான மருந்து என்று கேட்டாள். பக்கத்தில் மயிலம்மா கழுத்தை நீட்டிக் கொண்டு நின்றார். மகளின் அழுகுரல் காதுக்குள் கேட்டது. ஒரு கணம், தலையிடி என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு, தொட்டிலில் இருந்து விழுந்த பிள்ளை என்று சொன்ன அந்த வீடு நினைவில் வந்தது. கடிதத்தில் இருந்த சொல்லை ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லிவிட்டு மயிலம்மாவின் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னாள்.

“எனக்கு வலிப்பு மச்சாள். குமர்ப்பிள்ளையா இருக்கேக்கையிருந்து.”

மயிலம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். “என்ன? கலியாணம் பேசேக்க ஒருத்தரும் சொல்லேல்லையே! ஐயோ, என்ர பிள்ளையை ஏமாத்திப் போட்டியளே! வருத்தக்காரக் குடும்பத்தில எடுத்துப் போட்டனே!”

துபாய்ச் சுங்கத்தில் நின்று ஒப்பாரி. அதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குளிசைகளைச் சரிபார்த்தாள், அனுமதியில் ஒரு குத்துக் குத்தினாள், பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். முடிந்தது. நாற்பது வருசக் கள்ளத்தனம் ஒரு முத்திரையில் முடிந்துவிட்டது. ஜெயராணிக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

மயிலம்மா இன்னும் ஏசிக் கொண்டிருக்கும்போதே, அவருடைய சூட்கேஸ் சோதனை மெசினுக்குள் போய் நின்றுவிட்டது. திறக்கச் சொன்னார்கள். சேலைகளுக்குக் கீழே இருந்து பத்தியச் சரக்குப் பொட்டலம் வெளியே வந்தது. பிள்ளைப் பெற்றவளுக்கான தூள் என்று ஜெயராணி விளங்கப்படுத்தினாள். அதிகாரி கையுறை மாட்டிக் கொண்டு தூளுக்குள் விரலை விட்டாள். மஞ்சள் அப்பிய குளிசை அட்டை ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. இன்னும் வந்தன.

நித்திரைக் குளிசைகள். அதுவும் அங்கே கட்டுப்பாட்டு மருந்துதான். கடிதம் இல்லை, அனுமதி இல்லை. போதாக்குறைக்குத் தூளுக்குள் புதைத்துக் கொண்டு வந்திருக்கிறது. பனடோல்கூடப் போடாத சுத்த இரத்தம்! இதைப் பார்க்கிற எந்த நாட்டு அதிகாரியும் பாட்டிமார் வைத்தியம் என்று நினைக்க மாட்டான். அந்தப் பெண் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டாள். சீருடைக்காரர் இருவர் வந்தார்கள்.

மயிலம்மா ஜெயராணியின் கையை இறுக்கிப் பிடித்தார். சற்று முன்னர் ஏமாற்றுக்காரி என்று ஏசிய அதே வாய், இப்போது குரலைத் தாழ்த்திக் கொண்டது.

“மச்சாள், உங்கட எண்டு சொல்லுங்கோ.”

“என்ன?”

“உங்களிட்டத்தான் கடுதாசி இருக்கே. உங்களுக்குத்தான் எப்பிடியும் வருத்தம் எண்டு தெரிஞ்சிட்டுதே. இதையும் உங்கட எண்டு சொன்னா என்ன குறைஞ்சு போகும்?”

ஜெயராணிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. “என்ர கடுதாசி என்ர குளிசைக்கு! இதை என்ர எண்டு சொன்னா என்னை மறியலுக்குள்ள போட்டுப் பூட்டுவான், தெரியுமோ? நான் என்ர பேரப்பிள்ளையைத் தூக்க வந்தனான், உங்கட மானத்தைத் தூக்க வரேல்லை!”

“அப்ப பிரதீஸுக்குச் சொல்லிப் போடாதேங்கோ. அவனுக்குத் தெரியாது. அவன்ர அப்பா செத்ததிலயிருந்து எனக்கு நித்திரை இல்லை. தெரிஞ்சா அம்மாவுக்கு விசர் எண்டு நினைப்பான். உங்களைக் கும்பிட்டன்.”

இரண்டு பக்கமும் சீருடைக்காரன் நிற்கிறான், இந்த மனுசிக்கு மறியல் பயமில்லை. மகனுக்குத் தெரிந்துவிடும் என்றுதான் பயம். ஜெயராணிக்குக் கோபத்தோடு ஒரு துளி இரக்கமும் வந்து தொலைத்தது. தூங்காத இரவுகளில் கொட்டாஞ்சேனை வீட்டில் தனியாக எழுந்து மிளகாய்த் தூள் போத்தலுக்குள்ளோ அரிசி வாளிக்குள்ளோ இந்தப் பெரிய மனுசியும் தடவியிருப்பாள் அல்லவா. ஆனால் அந்த இரக்கத்துக்கு இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று ஜெயராணியைவிட யாருக்குத் தெரியும்? போனை எடுத்தாள்.

“மகன், நான் மாமி. உள்ளுக்குத்தான் நிக்கிறம். உங்கட அம்மா நித்திரைக் குளிசையை ஒளிச்சுக் கொண்டு வந்து பிடிபட்டிட்டா. ஓம், நித்திரைக் குளிசை. கனகாலமாப் போடுறாவாம். கொட்டாஞ்சேனையில ஆர் டொக்டர் எண்டு கேட்டுச் சொல்லுறன், அவரிட்டக் கடிதம் எடுத்து உடனை அனுப்பச் சொல்லுங்கோ. இன்னுமொண்டு மகன், எனக்கு வலிப்பு இருக்கு. என்ர குளிசைக்கு அனுமதி இருக்கு. இதை உங்களுக்குக் கலியாணத்துக்கு முதலே சொல்லியிருக்கோணும்.”

“துரோகி,” என்றார் மயிலம்மா. டொக்டரின் பெயரைச் சொல்ல வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கடிதம் வந்து, விசாரித்து, எழுதி வாங்கி, பொழுது சாய்ந்த பிறகுதான் மயிலம்மாவை வெளியே விட்டார்கள். குளிசைகளும் பத்தியச் சரக்கும் அங்கேயே போயின. விசாரணை முடியும் வரை கடவுச்சீட்டும் அவர்களிடம் நின்றது. பிரதீஸ் இரண்டு பேரையும் காரில் ஏற்றிக் கொண்டு போனான். வீட்டு வாசலில், “மாமி, உங்கட மருந்து எத்தினை மணிக்கு?” என்று கேட்டான். மறுநாள் தாயை அங்கேயுள்ள டொக்டரிடம் காட்டி, அந்த நாட்டுச் சட்டப்படியே நித்திரைக்குக் குளிசை எடுத்துக் கொடுத்தான்.

பேத்தி பிறந்து வீட்டுக்கு வந்தாள். யதுஷா குழந்தையைத் தாயின் கையில் கொடுக்க ஒரு கணம் தயங்கினாள். “ராத்திரிப் போட்டனீங்கள்தானே அம்மா?” என்று கேட்டாள், எல்லோருக்கும் முன்னால், சாதாரணமாக. “போட்டனான். தா,” என்றாள் ஜெயராணி. குழந்தை கைக்கு வந்தது.

நாலைந்து நாளில் ஓர் இரவுச் சாப்பாட்டு நேரம். மயிலம்மா அறைக் கதவைச் சாத்தாமலே கொட்டாஞ்சேனைக்குப் போனில் கதைத்துக் கொண்டிருந்தார். “என்னத்தைச் சொல்ல... சம்பந்தியாருக்கு வலிப்பாம். மூடி மறைச்சுக் கட்டி வச்சிட்டினம். அவட மருந்தாலதான் ஏர்போட்டில அவ்வளவு நேரம் மறிச்சு வச்சவங்கள். எனக்கோ? எனக்கென்ன வருத்தம்? நான் கல்லு மாதிரி இருக்கிறன்.”

யதுஷாவின் முகம் செத்துவிட்டது. பிரதீஸ் தலையைக் குனிந்து கொண்டான். நாற்பது வருசமாக எந்த வசனத்தை ஊர் பேசிவிடும் என்று பயந்து பிழைத்தாளோ, அந்த வசனம் இப்போது கடல் தாண்டிக் கொட்டாஞ்சேனைக்குப் போய்க் கொண்டிருந்தது. விடிவதற்குள் வெள்ளவத்தைக்கும் போய்விடும். ஜெயராணி குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். குளிசைப் பெட்டியைக் கொண்டுவந்து சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு கிளாசில் தண்ணீர் ஊற்றினாள். போனுக்கு அந்தப் பக்கத்திலும் நன்றாகக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள்.

“மச்சாள், நான் என்ர குளிசையைப் போடப் போறன். உங்கட நித்திரைக் குளிசையையும் எடுத்துக் கொண்டு வாங்கோ, தண்ணி ஊத்தி வச்சிருக்கிறன்.”